பெயர் தீட்டும் தொழில்

திருநெல்வேலிச் சந்திப்பில் இறங்கி, சுலோசன முதலியார் பாலத்தின் வழியே தாமிரபரணியைக் கடந்து, வண்ணார்பேட்டையினின்று பாளையங்கோட்டை வரையில் வருவோர் காணும் பெயர்ப்பலகைகளுக்குக் கணக்கில்லை. துணிக்கடை, மருந்துக்கடை, பல் மருத்துவர் இல்லம், தனிப்பயிற்சி நிலையம், அல்வாக் கடை ஆகிய யாவும் தத்தம் பெயரை வண்ணத்தாலும் விளக்கொளியாலும் உரத்துக் கூறுகின்றன. இப்பலகைகளையும், பண்டம் பொதியும் பெட்டிகளையும், பற்றுச்சீட்டின் தலைப்பையும் வரைந்து கொடுப்போர் யாவர் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. மாடியறை ஒன்றில் இரண்டு மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று இளைஞர் நடத்தும் சிறு சித்திரக்கூடங்களே இவற்றின் பிறப்பிடம். 'டிசைன் ஸ்டூடியோ' என்றும் 'பிராண்டிங்' என்றும் அவர்கள் தம் வாயிலில் எழுதி வைத்திருப்பினும், ஊரார் அவ்விடத்தை 'டிசைன் போடுற இடம்' என்றே வழங்குகின்றனர்.

நம் கல்லூரியிற் பட்டம் பெற்றோருள் இத்தொழிலை மேற்கொண்டவர் உளர். மேற்கொள்ள எண்ணுவோர் இன்னும் பலர். 'படம் போட்டுப் பிழைப்பதும் ஓர் உத்தியோகமா?' என்று பெற்றோர் கேட்கின்றனர். உத்தியோகம் அன்று, தொழிலே. அதுவும் மானமுள்ள தொழிலே என்பது எம் கருத்து. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. பிறன் குறியைத் தழுவி வரைந்து தருமாறு கேட்கப்படும்போது 'இயலாது' என்று கூறும் வலிமை அக்கூடத்துக்கு இருத்தல் வேண்டும். அவ்வலிமை வெறும் மனவுறுதியால் வருவதன்று. கணக்குப் புத்தகத்தினின்று வருவது. இவ்விரண்டையும் பற்றியே இங்குச் சில சொல்லக் கருதுகின்றோம்.

குறியிடுதல் இப்பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. ஆதிச்சநல்லூர் மட்கலங்களின்மேற் கீறப்பட்ட குறிகள் கிடைத்துள்ளன. பாண்டியர் தம் கயல் இலச்சினையைக் காசிலும் கல்லிலும் பொறித்தனர். இவற்றினும் நமக்கு அண்மையிலுள்ளது சலவைத் தொழிலாளரின் குறி. சேங்கொட்டை மையினால் துணியின் ஓரத்தில் இரண்டு புள்ளி, ஒரு கோடு, அல்லது ஒரு கொக்கி இட்டுவைப்பர். நூறு வீட்டு வேட்டிகள் ஒரே படித்துறையில் ஒன்றாய்க் கிடந்து வெளுத்தாலும், மாலையில் அவரவர் வேட்டி அவரவர் வீட்டுக்கு வந்து சேரும். அக்குறியில் அழகு இல்லை. அதை எவரும் அழகுக்காக இட்டதுமில்லை. இரண்டு வீட்டுக்கு ஒரே குறி இட்டால் மறுநாளே சச்சரவு வரும் என்பது மட்டும் அத்தொழிலாளருக்குத் தெரியும். இன்று 'லோகோ' என்று வழங்கும் இலச்சினைக்கும், அதனைக் காக்கும் சட்டத்துக்கும் அடிப்படை இவ்வளவே. இதனை விளங்கிக்கொள்ளாமல் கணினியில் வண்ணம் கலப்பதில் மட்டும் தேர்ச்சி பெற்றவரை நாம் தொழிலறிந்தவர் என்று சொல்லமாட்டோம்.

நிற்க. நம் சீமையில் சிறு சித்திரக்கூடம் நடத்தி நாடறியப் பெயர் பெற்றவர் ஒருவர் உளர். கோவில்பட்டி இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986-இல் அம்மாவட்டம் பிரியும் வரையில் அது திருநெல்வேலி மாவட்டத்து ஊரே. அங்கு வாழ்ந்த சி. கொண்டைய ராஜு 1898-இல் பிறந்தவர். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியிற் பயின்று, சில காலம் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் தங்கி, பின்னர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்றவர். 1940-களின் தொடக்கத்தில் அந்நாடகக் குழு கோவில்பட்டியிற் கலைந்துபோகவே, அவரும் மாணாக்கர் சிலரும் அங்கேயே தங்கிவிட்டனர். பிழைப்புக்கு வழி என்ன? மாணாக்கருள் ஒருவரான டி. எஸ். சுப்பையாவோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோ உருவாயிற்று. நிழற்படம் எடுத்தல், எடுத்த படத்துக்கு வண்ணம் தீட்டுதல், சித்திரம் எழுதுதல் ஆகிய யாவும் அவ்வொரு கூரையின்கீழ் நடந்தன. அருகிலிருந்த சிவகாசியோ தீப்பெட்டித் தொழிலில் இறங்கி, தீப்பெட்டிச் சீட்டு அச்சிடுவதற்காகவே அச்சியந்திரங்களை வருவித்து, அவ்வியந்திரங்களுக்கு ஆண்டு முழுதும் வேலை கொடுக்க நாட்காட்டி அச்சிலும் புகுந்த ஊர். அவ்வச்சகங்களுக்குக் கோவில்பட்டியினின்று முருகனும் மீனாட்சியும் இலக்குமியும் புறப்பட்டுச் சென்றனர். 1976-இல் கொண்டைய ராஜு மறைந்தபோது, அவர் கைப்பட்ட தெய்வ வடிவங்கள் மாட்டப்படாத கடைச்சுவர் தென்னாட்டில் அரிது என்னும் நிலை வந்திருந்தது. சுப்பையா, இராமலிங்கம், அருணாசலம், சீனிவாசன், செண்பகராமன் முதலிய மாணாக்கர் அவ்வழியைத் தொடர்ந்தனர். ஆசிரியர் பெயரும் மாணாக்கர் பெயரும் ஒருங்கே கையெழுத்தாக இடப்பட்ட படங்களும் உண்டு. இக்காலத்துக் கூடங்களிற் பலவற்றில், வரைந்த இளைஞன் பெயர் முதலாளியின் பெயருக்குள் மறைந்துவிடுவதை எண்ணுங்கால், அவ்விரட்டைக் கையெழுத்து நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது.

ஆனால் ஒருவர் இங்கே தடை எழுப்பலாம். கொண்டைய ராஜுவின் படங்கள் முன்னோர் மரபைத் தழுவியவை அல்லவா? இரவிவர்மாவின் அச்சுப்படங்களையும் தஞ்சாவூர்ச் சித்திரங்களையும் அறிந்த கண்ணுக்கு அவற்றின் சாயல் தெரியாமற் போகுமோ? தழுவுதல் அங்கே சிறப்பாயின் இங்கே குற்றமாவது எங்ஙனம்?

கேள்வி நியாயமானதே. விடை நாட்காட்டியின் அடிப்புறத்தில் இருக்கின்றது. தெய்வப்படத்தின்கீழ் அச்சகத்தார் விட்டுவைக்கும் வெற்றிடத்தில் எவ்வூர் வணிகர் பெயரும் பொருந்தும். ஒரே மீனாட்சி மதுரை ஜவுளிக்கடைக்கும் தூத்துக்குடி உப்பு வியாபாரிக்கும் ஒருங்கே அருள் பாலிப்பாள். படம் அனைவருக்கும் பொது. அதைக் கண்டு ஒரு கடையை மற்றொரு கடையென்று மயங்குவார் இலர். இலச்சினையின் இயல்போ இதற்கு நேர்மாறு. இப்பண்டத்தைக் கிண்டியவர் இன்னார், கெட்டுப்போயிருந்தால் கேட்க வேண்டியவர் இன்னார் என்று அது வாங்குவோனுக்குச் சொல்கின்றது. தெய்வத்தின் திருமுகத்தைத் தழுவினால் கற்றுக்கொண்டவன் ஆவான். அயல்வீட்டு வேட்டிக் குறியைத் தழுவினால் வேட்டியை எடுத்துக்கொண்டவன் ஆவான்.

இதற்கு நம் ஊர் அல்வாவைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில், மாலையில் மட்டும் திறந்து, செய்தது தீர்ந்தவுடன் அடைத்துவிடும் அக்கடையை அறியாதார் யார்? வடநாட்டினின்று வந்து இங்கே வேரூன்றிய குடும்பத்தார் தொடங்கியது. நூறாண்டுப் பழமை சொல்லப்படுவது. வாயிலில் பெரிய பலகை இல்லாமலும், மங்கலான விளக்கொளியிலும் வியாபாரம் நடந்ததால் மக்களே அதனை 'இருட்டுக்கடை' என்றனர். எந்தச் சித்திரக்காரரும் அப்பெயரை யோசித்துக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எந்த வணிகர் ஒப்புக்கொண்டிருப்பார்? 'விளங்காத பெயர்' என்று காசு கொடாமல் எழுந்து போயிருப்பார். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் பல்லாண்டு ஒரே பக்குவத்தில் வந்ததனால் இருட்டு என்னும் சொல் இனித்தது. கடைக்கு ஒரு பெயரை ஆக்கித் தருவதாகச் சொல்லும் கூடத்தார், பெயர் ஆகுமிடம் அடுப்படி என்பதையும், தாம் செய்யக்கூடியது ஆன பெயரைத் தெளிவாய் எழுதிக் காப்பதே என்பதையும் அவ்வீதியில் ஒரு மாலை நின்று பார்த்துக் கற்கலாம்.

புகழ் பெற்ற பெயர் இருக்குமிடத்தில் அதன் நிழலும் உண்டு. திருநெல்வேலியில் ஒரே பெயரைச் சுமந்த கடைகள் அடுத்தடுத்து நிற்பதும், ஒவ்வொன்றின் தலையிலும் 'ஒரிஜினல்' என்ற சொல் ஏறியிருப்பதும் வெளியூரார் நகைத்துச் செல்லும் காட்சி. அப்பலகைகள் தாமே முளைத்தனவா? ஒவ்வொன்றையும் ஒரு கூடத்தில் ஓர் இளைஞன் வரைந்தே இருப்பான். அவன் எதிரே அமர்ந்து வணிகர் கேட்டது பெரும்பாலும் இவ்வண்ணமே இருந்திருக்கும்: "தம்பி, புதுசா ஒண்ணும் யோசிக்க வேண்டாம். அந்தக் கடைப் பெட்டி மாதிரியே, நிறத்தை மட்டும் கொஞ்சம் மாத்திப் போட்டுக் குடு." இத்தகைய வேண்டுகோள் வாராத கூடம் இல்லை. இதற்கு நாம் கேள்வியுற்ற மறுமொழிகளுள் மிகச் சிறந்தது ஒன்று உண்டு: "அண்ணாச்சி, அப்படிப் போட்டா உங்க காசுல அந்தக் கடைக்குல்லா விளம்பரம் ஆவுது!" வணிகர் சிரித்துவிட்டார் என்றும், ஆயினும் வேறு கூடத்துக்குப் போய்விட்டார் என்றும் சொல்லக் கேட்டோம்.

சட்டமும் இவ்விடத்தில் வரைவோனை விட்டுவைக்கவில்லை. இந்தியாவில் வணிகக் குறிகளுக்கெனத் தனிச் சட்டம் 1940-இல் வந்தது. இப்போது நடைமுறையிலுள்ளது 1999-ஆம் ஆண்டுச் சட்டம்; அது 2003 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. அதன் 103-ஆம் பிரிவு, பொய்க்குறி இடுவோனோடு, அதற்குரிய அச்சு, பிளாக்கு, தகடு முதலிய கருவியைச் செய்து கொடுப்போனையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. தண்டனை 6 மாதத்துக்குக் குறையாத, 3 ஆண்டு வரை நீளக்கூடிய சிறை. அதனோடு 50,000 ரூபாய்க்குக் குறையாத, 2 இலட்சம் வரை செல்லக்கூடிய அபராதம். ஏமாற்றும் எண்ணமின்றிச் செய்ததாக மெய்ப்பிப்பவருக்கே விலக்கு. 'அவர் சொன்னார், நான் போட்டேன்' என்னும் வழக்கமான சமாதானம் எவ்வளவு மெல்லிய கயிறு என்பதை இக்கூடத்தார் எத்தனை பேர் அறிவரோ, அறியோம். வணிகருக்கு நல்வழி சொல்வதும் எளிதே. சிறு தொழில் புரிவோர் தம் குறியைப் பதிவு செய்யக் கணினி வழி விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம், பதிவு 10 ஆண்டு செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். இனிப்புப் பண்டங்கள் 30-ஆம் வகுப்பில் அடங்கும். வெறும் ஊர்ப்பெயரும் வெறும் பண்டப்பெயரும் தனியொருவருக்கு எளிதிற் பதிவாகா என்பதையும் முன்னரே சொல்லிவிடலாம். 'திருநெல்வேலி அல்வா' என்று எழுதும் உரிமை ஊரிலுள்ள எல்லா அடுப்புக்கும் உண்டன்றோ? இவ்வளவும் அறிந்து சொல்லும் கூடத்தை வணிகர் மதிப்பர். மறுநாள் திரும்பி வரவும் கூடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நேர்மையைப் பற்றிப் பேசிவிட்டுக் கூலியைப் பற்றிப் பேசாதிருப்பது மேடைப் பேச்சாளர் வழக்கம். அது நமக்கு உடன்பாடன்று.

மூவர் உழைக்கும் கூடம் ஒன்றை எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். வாடகை, மின்கட்டணம், மென்பொருட் சந்தா, கணினியின் தேய்மானம், மூவர் ஊதியம் யாவும் சேர்ந்து திங்களுக்கு 90,000 ரூபாய் என்க. நாளொன்றுக்கு 8 மணியாக, திங்களுக்கு 25 நாள் மூவரும் உழைத்தால் 600 மணி ஆகின்றது. இதிற் பாதி கூலியாக மாறுவதில்லை. வணிகர் கடைக்குச் சென்று காத்திருத்தல், வரைந்ததைக் காட்டுதல், 'மஞ்சளைக் கொஞ்சம் தூக்குங்க' என்பதற்கேற்பத் திருத்துதல், அச்சகத்துக்கு அலைதல், நிலுவைப் பணத்துக்கு நடத்தல் ஆகியவற்றில் அது கரைந்துவிடும். எஞ்சிய 300 மணியே கூடத்துக்குச் சோறு போட வேண்டும். அப்படியானால் மணிக்கு 300 ரூபாய் வந்தால் முதலுக்கு மோசமில்லை. இலாபம் அதற்கு மேல்தான். ஓர் இலச்சினையை முறையாகச் செய்ய, அதாவது கடையைப் பார்த்து, பண்டத்தைத் தின்று, அண்டையிலுள்ள குறிகளை ஒப்புநோக்கி, பத்து வரைந்து ஒன்பதைக் கிழித்து, மீந்ததைப் பெட்டியிலும் பலகையிலும் கைப்பேசித் திரையிலும் பொருத்திப் பார்க்க 40 மணி ஆகுமாயின் அதன் அடக்கவிலை 12,000 ரூபாய். சந்தையிலோ 500 ரூபாய்க்கு இலச்சினை கிடைக்கின்றது! 500 ரூபாய்க்குக் கூடம் கொடுக்கக்கூடிய நேரம் 1 மணி 40 நிமிடம். அந்நேரத்தில் மனிதன் செய்யக்கூடியது பிறர் செய்ததை எடுத்து நிறம் மாற்றுவது ஒன்றே.

ஆகவே நகல் எடுக்கும் இளைஞனை ஒழுக்கமற்றவன் என்று வைதுவிட்டுப் போவது நியாயமாகாது. அவன் ஒத்துக்கொண்ட விலையே அவனை நகலெடுக்கச் செய்கின்றது. விலையைச் சொல்லும்போதே நகலா அன்றா என்பது தீர்ந்துவிடுகின்றது.

மறுப்பதற்குரிய வலிமை எங்கிருந்து வரும்? அழைப்பிதழும் அட்டைப்பெட்டியும் துண்டுப் பிரசுரமும் இழிந்த வேலைகள் என்று புதிதாய்த் தொழில் தொடங்குவோர் எண்ணுகின்றனர். அவையே கூடத்தின் அன்றாடச் சோறு. தை, வைகாசி, ஆவணி மாதங்களின் முகூர்த்தங்களும், தீபாவளிக்கு முந்திய ஆறு வாரங்களும் வயல்காரனுக்குக் கார், பிசானம் போன்றவை. அப்போது வந்ததில் நான்கு மாத வாடகையை ஒதுக்கி வைத்துக்கொண்டவனே, ஆடி மாதத்தில் வரும் நகல் வேலையை 'இயலாது' என்று திருப்பி அனுப்புவான். அடுத்தது முன்பணம். பாதியை முன்னரும், மீதியை மூலக்கோப்பைக் கொடுக்குமுன்னரும் பெறுதல் வேண்டும். 'கடன் அன்பை முறிக்கும்' என்று தம் கல்லாவுக்கு மேல் எழுதி மாட்டியிருக்கும் வணிகரே, அப்பலகையை எழுதியவனுக்கு மட்டும் மூன்று மாதம் கடன் சொல்வதை இவ்வூரிற் காணலாம். எத்தனை முறை திருத்தித் தருவது, வரைந்ததன் உரிமை எப்போது கைமாறுவது என்பனவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நன்று. படைப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டமே கேட்கின்றது. உறவினர் கடை, நண்பர் திருமணம், பழைய மாணவர் சங்க விழா என்று இலவசமாகக் கேட்போருக்கு ஒரு சொல்: சமையற்காரருக்கும் பந்தற்காரருக்கும் கூலி கொடுத்துவிட்டு, அழைப்பிதழ் வரைந்தவனுக்கு மட்டும் 'சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி' என்பது என்ன நியாயமோ?

'இவை யாவும் சென்னைக்குப் பொருந்தும். நெல்லையில் ஒருவன் மறுத்தால் அடுத்த தெருவில் பத்துப் பேர் செய்து கொடுப்பர்' என்று சொல்வர். மெய்தான். ஆயின் இப்பத்துப் பேரையும் ஒருங்கே விழுங்கக்கூடிய ஒன்று வந்துவிட்டது. சொல்லைக் கொடுத்தால் படத்தைத் தரும் கணினிப் பொறிகள் 2022 முதல் எல்லார் கைக்கும் எட்டிவிட்டன. 500 ரூபாய் இலச்சினையை இனி வணிகரின் மகனே கைப்பேசியில் காசில்லாமல் வருவித்துக்கொள்வான். மலிவாகப் போட்டுக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட கூடங்கள் இதனோடு எதிர்த்து நிற்றல் இயலாது. மேலப்பாளையத்தில் இதே சாயலில் ஒரு கடை இருக்கின்றது, இதைப் போடாதீர்கள் என்று அப்பொறி சொல்லாது. அடுத்த தெருவைத் தெரிந்தவனுடைய அறிவுக்கு விலை இனிமேல்தான் ஏறும் என்று நாம் நம்புகின்றோம்.

அப்பொறி பல வேளைகளில் தடுமாறும் மற்றோரிடம் தமிழெழுத்து. அங்கே நம் இளைஞரும் தடுமாறுகின்றனர் என்பதைச் சொல்லாமல் விட இயலவில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் அணிவகுத்த சிப்பாய்கள்போல் ஒரே உயரத்தில் நிற்கும். நம் எழுத்துக்களோ அகலத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. புள்ளியும் விசிறியும் மேலே ஏறும். உகர ஊகாரக் கால்கள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த கட்டத்துக்குள் தமிழைத் திணித்தால் முதலில் உயிரிழப்பது புள்ளி. 'பல் மருத்துவர்' என்பது புள்ளி தேய்ந்து 'பல மருத்துவர்' ஆகிவிட்ட பலகையை எத்தனை பேர் கண்டிருக்க மாட்டார்கள்! பழைய கடைக்குப் புது இலச்சினை செய்வோர் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்டது 1978-இல். அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கைபோல் முன்னே வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றின் காலும் எழுத்தோடு சுழித்து இணைந்திருந்தது. 'பாளையங்கோட்டை' என்ற சொல்லிலேயே அத்துதிக்கை ஒன்று இருந்தது. ஐம்பதாண்டுக்கு முற்பட்ட கடைப்பலகை ஒன்றைக் கழற்றும் முன், அதன் எழுத்து எவ்வாறு வளைந்திருந்தது என்று படமெடுத்து வைத்துக்கொள்வது கூடத்தாரின் கடமை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளெக்ஸ் அச்சு வந்தபின் தூரிகை பிடித்துப் பலகை எழுதியவர்கள் தொழிலை இழந்தனர். அவர்கள் எழுத்தின் சுழி அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றது.

தமிழை அச்சேற்றியதில் இவ்வாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தால் அச்சான முதனூல்களுள் ஒன்று. அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் பணியாற்றிய புன்னைக்காயல், தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தில் உள்ளது. அவ்வெழுத்தை வார்க்க அன்று பட்ட பாட்டை எண்ணினால், விலை கொடுத்து வாங்க வேண்டிய எழுத்துருவைத் திருட்டுத்தனமாய் இறக்கிக்கொள்வது எவ்வளவு சிறுமை! நோட்டோ, முக்த மலர் போன்ற எழுத்துருக்கள் எவரும் பயன்படுத்துமாறு திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன. அவை போதாவிடின் விலை கொடுத்து வாங்கி, அதையும் கணக்கிற் சேர்க்கலாம். பிறர் குறியை நகலெடேன் என்பவன் பிறர் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வது பொருந்தாது.

கடைசியாக, யாருக்காக வரைவது என்பது. பத்தாவது அல்வாக் கடைக்குப் பதினோராவது பொன்னிறப் பெட்டி வேண்டியதில்லை. தம் பெயர் வெளியே தெரியாத பண்டங்கள் இப்பள்ளத்தாக்கில் உள்ளன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தமடைப் பாயும் அக்குறியீடு பெற்றதே. புவிசார் குறியீடு ஊருக்கு உரியது, தனியொருவர் சொத்தன்று. ஊர்ப்பெயரைச் சட்டம் காக்கின்றது. அவ்வூரில் இதை நெய்தவர் யார் என்பதைச் சொல்வதற்குத் தனிக்குறி வேண்டும். இங்கேதான் சிறு கூடத்துக்கு வேலை இருக்கின்றது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, ஊறவைத்து, நூலினும் மெல்லியதாய்ச் சீவி, பட்டுப்போல் மடிக்கலாகும் பாயாக அங்குள்ள இல்லங்களில், பெரும்பாலும் பெண்களே, நெய்கின்றனர். 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் பரிசாகச் சென்றதாகப் பெருமையோடு சொல்கின்றோம். அதனை நெய்த கையின் பெயர் அப்பாயில் இருந்ததாக எவரும் சொல்லக் கேட்டிலோம். இன்றும் நகரத்துக் கடைகளில் அப்பாய் வெறும் நெகிழித் தாளிற் சுருண்டு, யந்திரத்தில் நெய்த செயற்கை இழைப் பாயின் பக்கத்திலேயே கிடக்கின்றது. வாங்குவோர் விலையைப் பார்த்து மற்றதை எடுக்கின்றனர்.

பாய்கள் அடங்கும் வகுப்பு 27. நெசவாளர் குழு ஒன்றும், பாளையங்கோட்டைக் கூடம் ஒன்றும், நம் வணிகவியல் மாணவர் இருவரும் ஓர் அரையாண்டு கூடி உழைத்தால், விண்ணப்பம் எழுதுவது முதல் பொதியுறை வரைவது வரையில் முடித்துவிடலாம். கூடத்தார் தம் கூலியை முழுதும் பெறட்டும். குழுவால் ஒரே தவணையிற் கொடுக்க இயலாவிடின், விற்கும் பாய் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுதிக்கொள்ளட்டும். பொதியுறைக்குப் பெருஞ்செலவு வேண்டாம். சுருட்டிய பாயைக் கட்டும் துணி நாடா போதும். ஊர்ப்பெயரை ஒருபுறத்தில் அச்சிட்டு, நெய்தவர் தம் பெயரைத் தம் கையாலேயே எழுத மறுபுறத்தில் நான்கு விரற்கடை இடம் விட்டுவைக்கலாம்.